பதினோராவது கேள்வி

நான் பார்த்த வேலையைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் லாஸ் அட்ஜஸ்டர் என்பார்கள். வீடு எரிந்தாலும், வெள்ளம் புகுந்தாலும், குழாய் வெடித்தாலும், பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி என்னைத்தான் அனுப்பும். நான் போய்ப் பார்த்து, என்ன போயிற்று, எப்படிப் போயிற்று, எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அதிகமாக எழுதிவிட்டேன் என்று கம்பெனி முகத்தைச் சுளிக்கும். வயிற்றில் அடித்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் ஏசுவார். இரண்டு பக்கமும் ஏச்சு கிடைத்தால் அறிக்கை சரியாக இருக்கிறது என்று ஃபைலை மூடிவிடுவேன்.

என் பெயர் கபிரியேல். கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். பெயர்தான் சம்மனசின் பெயர், தேவதூதன் பெயர், வாய் அப்படியில்லை என்று என் மனைவி கேத்தரின் சொல்வாள். அவள் சொல்வதில் பிழையில்லை. தினமும் பொய் கேட்கிறவனுக்கு வாய் இனிப்பாக இருக்காது. ஜெஞ்சாரோமில் ஒருவர், குழாய் உடைந்த மறுநாள், ஓடாத டெலிவிஷனை வாசலில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். நான் கேட்டைத் திறந்து உள்ளே போகும்போதும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். பந்திங்கில் ஒரு வீட்டில் நனைந்த மெத்தை ஒன்பது, கட்டில் இரண்டு. எனக்குக் கோபம்கூட வராது. கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

அதனால்தான் 1988 ஜூன் மாதம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த ஒரு கிளெய்மைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அனுப்பியவர் திரு. சண்முகரத்தினம். அரசாங்கத் தணிக்கை இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரைக்கு அடியில் இருந்த தண்ணீர்க் குழாய் வெடித்து, சமையலறை சீலிங் இடிந்து விழுந்து, கூடம் வரைக்கும் தண்ணீர் ஓடியிருக்கிறது. சேதமான பொருட்களின் பட்டியலை டைப் அடித்து இணைத்திருந்தார். முப்பத்து நான்கு பொருள். அதற்கு மேல் அவரே சிவப்பு மையில் திருத்தம் போட்டிருந்தார்.

நான் அந்த மாதிரிப் பட்டியலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கம்பளம் என்று டைப் அடித்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பில், ‘பத்தொன்பது வருடம் பழையது, மதிப்பு இல்லை.’ சோபா என்றால், ‘இடது கால் முன்பே ஆடிக்கொண்டிருந்தது, பாதி மட்டும்.’ சாப்பாட்டு மேசையில், ‘வெயிலில் காய்ந்ததும் சரியாகிவிட்டது, நீக்குக.’ இப்படி ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் பதினொரு பொருள்தான் மிஞ்சியிருந்தது. ஊரெல்லாம் நனையாததை நனைத்துக் காட்டும்போது இந்த மனிதர் நனைந்ததைக் காயவைத்துக் கணக்கிலிருந்து தூக்கியிருந்தார். இதில் ஏதோ பெரிய தில்லுமுல்லு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் புறப்பட்டேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வரிசை வீடு. காலை பத்து மணிக்குப் போனேன். சண்முகரத்தினம் வீட்டிலேயே நீளக்கால் சட்டை போட்டு, மேல்சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு நின்றார். கையைக் கொடுத்தார். நான் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தியதை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய மனைவி கனகேஸ்வரி அம்மா, அறுபது வயது இருக்கும், கொஞ்சம் பருத்த உடம்பு, கண்ணாடி. வந்ததும் வராததுமாகத் தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். கிளெய்ம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது என் சட்டம். வேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

நடந்ததை சண்முகரத்தினம் தேதி, கிழமை, மணியோடு சொன்னார். மே இருபத்தொன்று, சனிக்கிழமை. கிள்ளானில் ஒரு கல்யாணம். காலை எட்டரைக்கு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மாலை ஐந்தே காலுக்குத் திரும்பி வந்தபோது வாசற்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே சமையலறை சீலிங் முழுசாகக் கீழே. மெயின் குழாயை அடைத்து, கரண்டை நிறுத்தி, பிளம்பரைக் கூட்டிவந்தார்கள். பிளம்பர் வெட்டி எடுத்த குழாயைத் தூக்கிப் போடவிடாமல், பத்திரிகையில் சுற்றி, நூல் கட்டி, தேதி எழுதிய அட்டை தொங்கவிட்டு வைத்திருந்தார் அந்த மனிதர். பிரித்துப் பார்த்தேன். நீளவாக்கில் பிளந்திருந்தது. துரு ஒழுகி மெதுவாக உடைந்த குழாய் அப்படிப் பிளக்காது. ஒரே அடியாக வெடித்த குழாய்தான். அதற்குப் பாலிசியில் இடம் இருக்கிறது.

சந்தேகப்பட்டு வந்த எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கூடத்தில் பலகைத் தரை அங்கங்கே உப்பிக் கிளம்பியிருந்தது. அவர் டேப் பிடித்து அளந்து சொல்ல, நான் எழுதினேன். நான் ஓர் அடி கூட்டி எழுதினால் அவர் திருத்தினார். இப்படி ஒரு வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பதும் ஒரு தண்டனைதான்.

பிறகு சமையலறைக்குப் போனேன். அங்கே நின்றதைப் பார்த்ததும் என் பேனா நின்றுவிட்டது.

ஆள் உயரத்துக்கு ஓர் ஓவன். இரண்டு தட்டு, ஸ்டீல் கதவு, மின்சாரத்தில் ஓடுவது. பேக்கரிக் கடையில் இருக்குமே, அது. சீலிங் பலகையும் அத்தனை தண்ணீரும் நேராக அதன் தலையில்தான் விழுந்திருக்கிறது. உள்ளே வயரெல்லாம் கருகி, தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை. பக்கத்தில் ஊறிப்போய்க் கல்லாகிக் கிடந்த மூன்று மாவு மூட்டை. அலமாரியில் வட்டமும் சதுரமுமாக நாற்பது ஐம்பது கேக் தகரம். இரண்டு பேர் இருக்கும் வீடு அது. அவர்களுடைய ஒரே மகள் மீனலோசனி மெல்பர்னில் மருந்தகம் வைத்திருந்தாள்.

சண்முகரத்தினம் தரையின் கடைசி மூலையை இன்னொரு முறை அளக்கப் போயிருந்தார். அந்த இடைவெளியில் கனகேஸ்வரி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். மற்ற எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

“தம்பி, போறணைக்குக் குடுப்பாங்களா?”

யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஓவனைப் போறணை என்பார்கள். குடுப்பாங்க ஆன்டி, பார்க்கலாம் என்று பட்டும் படாமலும் சொன்னேன். அந்த அம்மா ஓவன் கதவை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறாராம், மூன்றடுக்குக் கேக். ஆவணியில் இன்னும் இரண்டு. இது ஓடாவிட்டால் அவ்வளவுதான் என்றார். அறுபது வயதில் இனிமேல் எதற்கு, பேசாமல் இருக்கலாமே என்று கணவர் சொல்லத் தொடங்கிவிட்டார் என்றும் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த ஓவனுக்குப் பணம் வந்தால் அவருக்கு வேலை இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அவ்வளவு பச்சையாக எனக்கு விஷயம் புரிந்தது.

புரிந்ததும் ஃபைலை மூடிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஏனென்றால் என் ஃபாரத்தில் பதினோராவது கேள்வி ஒன்று இருந்தது. ‘இந்த வீட்டில் தொழில் அல்லது வியாபாரம் ஏதும் நடைபெறுகிறதா?’ இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. தொழிலுக்கு வைத்திருக்கும் சாமானுக்கு இதில் ஒரு காசு கிடையாது. அது மட்டுமா. 1972இல் வீட்டை வாங்கிப் பாலிசி எடுத்தபோது சண்முகரத்தினம் அதே கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது ‘ஆம்’ என்றால், அன்று எழுதியது பொய் என்று சொல்லி, ஓவனை மட்டுமல்ல, சீலிங்கையும் தரையையும் சேர்த்தே கம்பெனி கைகழுவலாம்.

கூடத்தில் உட்கார்ந்து ஃபாரத்தை விரித்தேன். இருவரும் எதிரில் உட்கார்ந்தார்கள். பத்துக் கேள்வி முடிந்தது. பதினோராவதைப் படிப்பதற்கு முன்னால் நான் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். சும்மா ஃப்ரெண்ட்ஸுக்குச் செய்து கொடுப்பதெல்லாம் வியாபாரத்தில் சேராது லா அங்கிள் என்று வாயில் ஊட்டாத குறையாகச் சொன்னேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், அந்த அம்மா ஓவன் கதவைத் துடைத்ததைப் பார்த்ததுதான் காரணம். நியாயவான் என்று பெயர் எடுத்த எனக்கு அன்றைக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. ஓவன் வேண்டியிருந்தது.

சண்முகரத்தினத்துக்கு என் விளக்கம் தேவைப்படவே இல்லை. அவர் யோசிக்காமல் சொன்னார்.

“நோ. வியாபாரம் ஒன்னும் இல்லை. மிஸஸ் பொழுதுபோக்கா கேக் செய்வாங்க. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.”

பட்டியலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று தாளைத் திருப்பிக் காட்டினார். ஓவன் என்று டைப் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘பொழுதுபோக்குச் சாதனம்’ என்று இருந்தது. கனகேஸ்வரி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து அதைப் படித்தார். அந்தப் பட்டியலை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

“தம்பி, அதை எழுதாதீங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியது கால் மணி நேரம் இருக்கும். என்னைப் பார்த்துத்தான் பேசினார், பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி நாலாம் வருடத்திலிருந்து கேக் செய்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், சிரம்பான் வரைக்கும், கோயில் கல்யாணமானாலும் சர்ச் கல்யாணமானாலும், அவருடைய கேக்கை வெட்டிய ஜோடிகளின் பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் கல்யாணத்துக்கு அவரிடம் வருகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ரவையும் முந்திரியும் வெண்ணெயும் கிண்டி, ஐசிங் பூ ஒவ்வொன்றாகப் பிழிந்து, மழைநாளில் ஐசிங் இளகாமல் இருக்க விசிறி போட்டுக் காவல் இருந்து, ஆடாமல் அசையாமல் டாக்சியில் கொண்டுபோய் இறக்கி வந்திருக்கிறார். குழாய் வெடித்த அன்று கிள்ளானுக்குப் போனதும் கல்யாணம் பார்க்க இல்லையாம், கேக்கைக் கொண்டுபோய் அடுக்கத்தானாம். இந்த ஓவனை வாங்கியதும் அவர்தான். மீனலோசனி லண்டனில் படித்த மூன்று வருடமும் அரசாங்கச் சம்பளத்தில் நடக்கவில்லை, இந்தப் போறணையில் நடந்தது என்று சொல்லி நிறுத்தினார்.

பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார். வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்வது யாழ்ப்பாணத் தமிழ் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஊரெல்லாம் போய்க் கணக்குப் பாத்தனீங்கள். உங்கட வீட்டில என்ன நடக்குதெண்டு ஒரு நாளாவது பாத்தனீங்களே?”

சண்முகரத்தினம் பட்டியலை மடித்தார், மறுபடியும் பிரித்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்துபோகவும் வழி தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை, அந்த அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும், கனகேஸ். எல்லாம் தெரியும். தெரியுமெண்டு சொன்னால் நான் இலாகாவுக்கு எழுதவேணும். எழுதினால் நிப்பாட்டச் சொல்லுவினம். அதுதான் பொழுதுபோக்கெண்டு சொன்னனான்.”

நான் அதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். அரசாங்க உத்தியோகத்தர் வீட்டில் வியாபாரம் நடந்தால் மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. மற்றவர்களின் பைசாப் பிழையைக்கூட விடாத ஆடிட்டர், தன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக அந்த ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். யார் கேட்டாலும், மனைவியிடமே கூட, அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்திருக்கிறார். ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கனகேஸ்வரி அம்மா அதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

“நீங்கள் பென்ஷன் எடுத்து ஒன்பது வருஷமாச்சு. இன்னும் ஆருக்குப் பயப்பிடுறீங்கள்?”

 சண்முகரத்தினம் ஃபாரத்தைக் கொடுங்கள் என்று என்னிடம் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அங்கிள், யோசிச்சுச் செய்யுங்க என்றேன். ஓவனுக்கு ஒன்றும் வராது, மாவுக்கும் வராது, கம்பெனிக்காரர்கள் மனது வைக்காவிட்டால் சீலிங்குக்கும் வராது, அதைவிட மோசம், பதினாறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியதும் தப்பு என்று ரெக்கார்டில் ஏறிவிடும் என்றேன். கடைசியாகச் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்து மூன்று வருடம் பிறர் எழுதிய பொய்யைப் பிடித்தவர் அவர். கையை இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவியைக் காட்டி, அவங்களையே கேளுங்க என்றார்.

கேட்டேன். ஆன்டி, போறணை போயிடும் என்றேன்.

“போறணை போனா இன்னொன்னு வாங்கலாம் தம்பி. சின்னதா வாங்குவேன், நாளாகும், ஆனா வாங்குவேன். இருபத்தெட்டு வருஷம் நான் சும்மா பொழுது போக்கினேன்னு நீங்க எழுதிட்டுப் போயிட்டா, அதை யார் எனக்குத் திருப்பித் தருவாங்க?”

சண்முகரத்தினம் ஃபாரத்தை என் மடியிலிருந்து தானே எடுத்துக்கொண்டார். பதினோராவது கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதினார். கீழே, ‘என் மனைவி. கேக் தயாரிப்பு’ என்று எழுதினார். 1972ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் தான் கொடுத்த பதில் தவறானது என்று இன்னொரு வரி சேர்த்தார். ஆடிட்டர் பழக்கம், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். 

அன்றைக்கு நான் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். சட்டம் அவர்களுக்கு ஒன்று எனக்கு ஒன்றா என்று கேட்டால், அந்த நேரத்தில் சட்டம் நினைவில் இல்லை.

அறிக்கை எழுத இரண்டு நாளானது. மறைக்க வழியில்லை, அவர் கையெழுத்தே ஃபாரத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் செய்தேன். வழக்கமாக என் அறிக்கைகளில் பாலிசிதாரரின் மனைவி என்றால் யாரையும் கேட்காமலே ‘குடும்பத்தலைவி’ என்று டைப் அடித்துவிடுவேன். விரல் தானாகப் போகும். எத்தனை நூறு பேருக்கு அப்படி அடித்திருப்பேனோ தெரியாது. அன்று அந்த இடத்தில் விரலை நிறுத்தி, ‘இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழில்முறையில் கேக் தயாரிப்பவர்’ என்று அடித்தேன். குழாய் வெடித்ததற்கும் ஓவனுக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே சீலிங்குக்கும் தரைக்கும் கொடுப்பதே முறை என்று வாதாடி ஒரு பக்கம் எழுதினேன்.

கம்பெனியின் கிளெய்ம் மேனேஜர் ஜெயராஜ் போன் செய்து, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாமே கபிரியேல், உனக்கு என்ன வந்தது என்று ஏசினார். விட்டிருக்கலாம்தான். ஆனாலும் அவர் நல்ல மனிதர். மேலே பேசி, சீலிங்குக்கும் தரைக்கும் வாங்கிக் கொடுத்தார். ஓவன், மாவு, தகரங்கள், சமையலறைச் சாமான் எல்லாவற்றையும் நிராகரித்தார்கள். பாலிசியையும் அடுத்த தவணையோடு நிறுத்திவிடுவதாக எழுதினார்கள்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் விடாமல் நானே ஜூலை மாதம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். கனகேஸ்வரி அம்மா வீட்டில் இல்லை. தெருக்கோடி ரொட்டிக் கடைக்காரர், மத்தியான ரொட்டி இறங்கியதும் தன் அடுப்பை மூன்று மணி நேரம் அவருக்கு விட்டுக்கொடுக்கிறாராம். அந்த அம்மா வேர்வையும் மாவுமாகத் திரும்பி வந்தார். ஆங்கிலக் கடிதம்தான், அவரே படித்தார், கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் படித்தவர். நிராகரிக்கிறோம் என்ற இடத்தில் அவர் கண் நிற்கவில்லை. இரண்டாம் பத்தியில் நின்றது. என் அறிக்கையிலிருந்து எடுத்து, வருடத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார்கள். பாலிசிதாரரின் மனைவி சுமார் இருபது ஆண்டுகளாகத் தொழில்முறையில் கேக் தயாரிப்பவர் என்பதால் இந்தப் பகுதியை ஏற்க இயலாது. அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போனார். போனவர் வர நேரமானது.

சண்முகரத்தினம் அதைக் கடைசி எழுத்து வரை படித்து, மடித்து வைத்தார். என்னிடம் நன்றி என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்து என் மேசைக்கு ஒரு கடிதத்தின் பிரதி வந்தது. கம்பெனிக்கு அவர் எழுதிய மேல்முறையீடு. உறையைப் பார்த்ததுமே எனக்கு அலுப்பு தட்டியது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் கடைசியில் எல்லாரும் பணத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தேன்.

அதில் பணம் என்ற சொல்லே இல்லை. நிராகரிப்பை ஏற்றுக்கொள்வதாக முதல் வரி. பிறகு இப்படி இருந்தது: ‘தங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் சுமார் இருபது ஆண்டுகள் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. இது தவறு. முதல் கேக் 16 ஜனவரி 1960, சனிக்கிழமை அன்று செந்தூலில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதை டாக்சியில் என் மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான் என்பதால் இதற்கு நானே சாட்சி. குழாய் வெடித்த நாள் வரையில் இருபத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம், ஐந்து நாள். தங்கள் பதிவேட்டைத் திருத்தி, திருத்திய கடிதத்தின் நகலை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

கீழே, அரசாங்கக் கடிதங்களில் போடுவதுபோல், பிரதி யார் யாருக்கு என்று இருந்தது. முதலில் என் பெயர். அடுத்தது, ‘திருமதி கனகேஸ்வரி, கேக் தயாரிப்பாளர், அதே முகவரி.’

தன் வீட்டில் இருக்கிறவருக்குப் பிரதியை எப்படிக் கொடுத்தார் என்று அறிய எனக்கு ஆசை. அடுத்த வாரம் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கையில் கொடுக்கவில்லையாம். தபாலாபீசுக்கு நடந்துபோய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார். மறுநாள் தபால்காரர் வாசலில் வந்து பெயரையும் தொழிலையும் சேர்த்துப் படித்துக் கூப்பிட, கனகேஸ்வரி அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம்.